அந்தோணியண்ணன் தாடை வைத்த இடம்

வால்வு ரேடியோவைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பேய் பயம் அவ்வளவு சீக்கிரம் வராது. நான் வேலை பார்க்கும் கடைக்கு, "இதுக்குள்ள யாரோ அழுவுறாங்கம்மா" என்று சொல்லி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. திறந்து பார்த்தால் கண்டென்சர் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஈயம் பற்றாமல் விட்டுப்போயிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் பல்லி செத்துக் கிடக்கும். இந்த மூன்றையும் தாண்டி ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் சந்தேகப்பட்டுக்கொண்டே படித்தால் எனக்கு வருத்தமில்லை. படிக்கும்போதே 'ஓ, இதனால்தான் அப்படி ஆகியிருக்கும்' என்று உங்களுக்கு ஒன்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அதையெல்லாம் அன்றைக்கே சோதித்துவிட்டேன், வரிசையாகச் சொல்கிறேன். இன்னொன்று, இது நடுராத்திரியில் நடந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு, வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்த நல்ல வெயிலில் நடந்தது.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி போகும் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில், நானும் என் அண்ணன் ஆரோக்கியமும் மட்டும் இருந்தோம். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அண்ணன்தான். கப்பல் பாய்லருக்குள் இறங்கித் துரு தட்டுவது அவர் வேலை. ஆள் உள்ளே நுழைந்து இரும்பைச் சுத்தியலால் தட்டத் தட்ட, சத்தம் வெளியே போக வழியில்லாமல் அவர் தலையையே சுற்றிவரும். சில வருடத்தில் காது போய்விடும். அண்ணனுக்கும் போனது. அந்தக் கூலியில்தான் நான் தொழிற்பள்ளிக்குப் போய் வயர்லெஸ் படித்தேன், ஒலியைக் கம்பியிலும் காற்றிலும் அனுப்புவது எப்படி, பெரிதாக்குவது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டேன்.

பாய்லர் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. அண்ணனுக்கு ஜோடி அந்தோணியண்ணன், தூத்துக்குடிக்காரர், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். இரண்டு பேருக்குமே காது போன பிறகு, உள்ளே இருப்பவர் எந்த இடத்தில் தட்டுகிறார் என்று வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தாடையை இரும்புத் தகட்டில் வைத்துக்கொள்வார்கள். காதில் விழாதது எலும்பு வழியாக வந்து சேரும். இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் பாய்லர்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்தோணியண்ணனிடம் ஒரு கித்தார் இருந்தது. அதையும் அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். ஒருவர் மடியில் வைத்து வாசிப்பார், வாசிக்கும்போதே மேல்பக்க ஓரத்தில் தாடையை வைத்துக்கொள்வார். இன்னொருவர் பக்கத்தில் குந்தி, கித்தாரின் அடிப்பக்க ஓரத்தில் தன் தாடையை வைத்துக்கொள்வார். இரண்டு ஆம்பிளைகள் ஒரு கித்தாரின் இரண்டு முனையிலும் முகத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக் கன்னியம்மா, மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பாள். "இன்னாய்யா, கித்தாரை வாசிக்கிறீங்களா துன்றீங்களா? சொல்லுங்க, கொயம்பு ஊத்தறேன்."

அவர்களுக்குக் கேட்காது. ஆனால் கன்னியம்மா சிரிப்பது தெரியும், பதிலுக்குச் சிரிப்பார்கள்.

அந்தோணியண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் வாசிக்கத் தொடங்குமுன், அடிக்கம்பியின் சுதியை அவர் வாயை மூடிக்கொண்டே, "ம்ம்ம்" என்று மரத்துக்குள் கொடுப்பார். பாட்டு முடிந்ததும், அடுத்தது என்ன என்று கேட்பதுபோல, "ம்?" என்று ஒரு தரம். அண்ணன், "இரு மாமு, வெரல் வலிக்குது" என்பார். வருடக்கணக்கில் இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. பிறகு அந்தோணியண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி வருடம் சுதி கொடுக்க வாயை மூடினாலே இருமல் வந்துவிடும். அப்படியும் வந்து குந்துவார். ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். கித்தார் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அண்ணன் அதைத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் அந்தோணியண்ணனின் மனைவி பிலோமினா அக்கா வந்தார். மகள் செசிலியோடு தூத்துக்குடியில் தன் அம்மா வீட்டோடு போய் இருந்துவிடுவதாக முடிவு. வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எப்பிடிக் கேக்கன்னு தெரியல ரீட்டா. செசிலி அதக் கேட்டு ஒரே அழுக. அப்பா கித்தார் இல்லாம வண்டி ஏற மாட்டேங்கா."

நான் சிலேட்டில் எழுதி அண்ணனிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் பேச்சு அந்தச் சிலேட்டில்தான். அண்ணன் படித்த உடனேயே, "அட, இதுக்கு இன்னாத்துக்கு தயங்கிகினு நிக்கிற? அது கொயந்தை சாமான். எட்த்துகினு போ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். காது கேட்காதவர் என்பதால் எதையும் சத்தமாகத்தான் சொல்வார். ஊருக்குக் கிளம்பும் சமயத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அக்கா போனார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

பாய்லர் தகட்டை விட்டால், உலகத்தில் அவருக்குக் கேட்கும் சத்தம் அந்தக் கித்தார் ஒன்றுதான். இன்னொரு கித்தார் வாங்கலாமே என்பீர்கள். நானும் எழுதிக் காட்டினேன். "அது வேற மரம், ரீட்டா" என்றார்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் கடையில் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. கடை முதலாளி அண்ணாச்சியிடம் ஒரு ஞாயிறு மட்டும் கேட்டேன். "ஏ புள்ள, அது என்ன எடை தெரியுமா? ரிக்சாவுல வச்சுக் கொண்டுபோ. அதுல செவப்பா ஒரு வெளக்கு எரியும் பாத்துக்க, அது அணைஞ்சா தொடாத, நான் வாரேன்" என்று அதே சொற்களை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். நான்தான் அதைப் பழுது பார்ப்பவள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "செவுடனுக்கு ரிக்காடா? நல்லா கீது போ."

நான் சிலேட்டில், 'காதுக்கு இல்லை. தாடைக்கு' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளங்கையால் தானே துடைத்துவிட்டு, "ஆவுமா?" என்றார், அவரால் முடிந்த அளவு மெதுவாக.

ஆகும் என்றுதான் நினைத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சிறு பெட்டி செய்து, உள்ளே ஸ்பீக்கரைத் திருகி, வெளியே எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தேன். ரிக்கார்டரின் ஒயரை அதில் கொடுத்தால், அண்ணன் பெட்டி ஓரத்தில் தாடையை வைத்துக் கேட்கலாம். பதிவு செய்ய இரண்டு வழி வைத்திருந்தேன். ஒன்று, கடையில் கூட்டங்களுக்கு வைக்கும் மைக். அதைத் துணி காயப்போடும் கழியில் கட்டி, கித்தாருக்கு எதிரே நிறுத்தினேன். இன்னொன்று மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. போர் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட சாமான்கள் அங்கே குவியலாகக் கிடக்கும். அதில் விமானம் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் கட்டிக்கொள்ளும் மைக் ஒன்று. தோல் பட்டையில் இரண்டு பொத்தான் போல இருக்கும், தொண்டையின் அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளும், சுற்றிலும் எஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் அதற்கு அக்கறையில்லை. இரண்டு பொத்தானையும் தனித்தனியே பிரித்தேன். ஒன்றை மெழுகு வைத்துக் கித்தாரிலேயே ஒட்டிவிட்டால் மரத்தின் அதிர்வு நேராகக் கிடைக்கும் என்பது என் கணக்கு.

எங்கே ஒட்டுவது என்று பார்த்தேன். கம்பிகள் முடியும் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் விரல் படும் தடதடப்பு அதிகம். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தது. கித்தாரின் கழுத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடிப்பக்க ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பாலிஷ் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது, மெழுகு அங்கே நன்றாகப் பிடித்தது, சத்தமும் சுத்தமாக இருந்தது. அங்கேயே ஒட்டினேன். அது ஏன் தேய்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியும், எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மெழுகு மட்டும்தான் நினைவில் இருந்தது.

முதலில் மைக்கில் எடுத்தேன். கித்தார் இருந்தது, அதோடு காக்கை இருந்தது, சரக்கு எஞ்சின் இருந்தது, "இன்னா ரீட்டாம்மா, ரேடியோ ஷ்டேசன் வெச்சிகினியா? என் பேரைச் சொல்லு" என்ற கன்னியம்மா இருந்தாள். அடுத்து மைக்கைக் கழற்றிவிட்டு, ஒட்டிய பொத்தானில் எடுத்தேன். அண்ணன் எப்போதும் வாசிக்கும் ஒரு மாதா பாட்டு. முடிந்ததும் டேப்பைத் திருப்பிச் சுற்றி, பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் தாடையை வைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். "கீது!" என்று கத்தினார். "ரீட்டா, உள்ள கீது! அப்பிடியே கீது!" பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆகிவிட்டது என்று நினைத்தேன், கித்தார் போனாலும் இனிப் பரவாயில்லை. பாட்டு முடிந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"சுதி யாரு குடுக்கறது?" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் எதையும் கவனித்திருக்கவில்லை. "மொதல்லர்ந்து போடு" என்றார். இந்தத் தடவை நானும் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனேன்.

முதல் கம்பி ஒலிப்பதற்கு முன்னால், "ம்ம்ம்" என்று ஒரு முனகல் இருந்தது. அடிக்கம்பியின் சுதியில், கனமாக, வாயை மூடிய குரல். பாட்டுக்கு அடியிலேயே அது போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிந்த பிறகு ஒருதரம், மேலே ஏறி, "ம்?"

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று தோன்றியது. மின்சாரத்தின் இரைச்சலாக இருக்கும் என்று பார்த்தேன். அந்த இரைச்சல் விடாமல் ஒரே இழையாக வரும், மூச்சு வாங்க நிற்காது. இது நின்றது, மூச்சு இழுத்தது, மறுபடி தொடங்கியது. பழைய கூட்டத்தின் பேச்சு டேப்பில் மிச்சம் இருக்குமோ என்று பார்த்தேன். டேப் புதுசு, உறையை நான்தான் பிரித்தேன். வெளியே யாராவது முனகியிருந்தால்? முதல் பதிவில் காக்கை முதல் கன்னியம்மா வரை எல்லோரும் இருந்தார்கள், இரண்டாவதில் ஒருவரும் இல்லை. ஒட்டிய பொத்தானுக்குக் காற்றில் வருவது கேட்காது, மரத்தைத் தொடுவது மட்டும்தான் கேட்கும்.

மிஞ்சியது ஒன்றுதான். உங்களுக்கும் இந்நேரம் அதுதான் தோன்றியிருக்கும். காது கேட்காதவர்கள் தங்களை அறியாமல் முனகுவதுண்டு. அண்ணன் தாடை மரத்தில்தான் இருந்தது.

அதனால் மூன்றாவது தடவை எடுத்தேன். மிச்சமிருந்த பொத்தானைத் தோல் பட்டையோடு அண்ணன் கழுத்தில் கட்டினேன். அதை ரிக்கார்டரில் கொடுக்காமல், ஒரு டார்ச் செல் சேர்த்து, நேராக ஹெட்போனில் கொடுத்து என் காதில் மாட்டிக்கொண்டேன். கித்தாரில் இருப்பது டேப்புக்கு, கழுத்தில் இருப்பது எனக்கு. அவர் தொண்டை அசைந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஜன்னலில் கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா அது கய்த்துல கட்டிகிற? அவரு இன்னா மாடா?"

நான் விரலை வாயில் வைத்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

எந்தப் பாட்டு என்று அண்ணன் கண்ணால் கேட்டார். நான் சிலேட்டில், 'புதுசு' என்று எழுதினேன். அந்தோணியண்ணன் போன பிறகு அண்ணன் தானாக ஒரு மெட்டு போட்டிருந்தார். அதற்கு வார்த்தையும் இல்லை, பேரும் இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் எதிர்பாராமல் திரும்பும். அந்த மெட்டை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் கேட்டதில்லை.

வாசித்தார். என் காதில் அவர் மூச்சு கேட்டது, ஒரு தடவை எச்சில் விழுங்கியது கேட்டது. வேறு எதுவும் இல்லை. சுத்தமான தொண்டை.

டேப்பைத் திருப்பிப் போட்டேன்.

"ம்ம்ம்." அதே சுதி. பிறகு மெட்டோடு சேர்ந்துகொண்டது. அந்த இரண்டு திருப்பத்திலும் முனகல் கித்தாருக்குப் பின்னால் வரவில்லை. கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பி நின்றது, கித்தார் அதன் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. வழி தெரிந்த ஆள் முன்னால் நடப்பதுபோல. கடைசியில், "ம்?"

ஜன்னலில் கன்னியம்மா, "அது அந்தோணி கொரலாச்சே" என்றாள், மிகச் சாதாரணமாக. பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

அண்ணன் மட்டும் பயப்படவில்லை. பெட்டியிலிருந்து தாடையை எடுக்காமலே, "இத்த எப்போ கத்துகினான் இவன்?" என்றார். மாதக்கணக்கில் பார்க்காத ஆள் வாசலில் வந்து நின்றால் கேட்கும் குரலில்தான் கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் பிலோமினா அக்கா கித்தாரை எடுத்துப்போக வந்தார். அண்ணாச்சியிடம் இன்னொரு நாள் கேட்டு ரிக்கார்டரை வைத்திருந்தேன். போட்டுக் காட்டுவதா வேண்டாமா என்று பகல் முழுக்க யோசித்துவிட்டு, சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். என்ன என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவ போடு தாயி" என்றார். போட்டேன். அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இருமலே இல்ல பாத்தியா" என்றார். "அவியளுக்கு இருமல் நின்னுட்டு."

கித்தாரை ஒரு பழைய சேலையில் சுற்றிக் கொண்டுபோனார். அண்ணன் தெருமுனை வரை கூடப் போய் ரிக்சாவில் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் நன்றாகச் சாப்பிட்டார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பாய்லர் வேலையை அண்ணன் விட்டுவிட்டார், இப்போது கிடங்கில் காவலாள். கன்னியம்மா மகன் வீட்டோடு திருவொற்றியூர் போய்விட்டாள். போகும்போதுகூட, "அந்தப் பொட்டியைப் போடாதம்மா நான் தெருவத் தாண்டற வரிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். செசிலி கோயிலில் வாசிக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி ரிக்கார்டரைக் கொடுத்துவிடுவார், நான் ரிக்சாவில் வைத்துக் கொண்டுவருவேன். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் பெட்டி முன்னால் குந்தித் தாடையை வைப்பார். சில நாள், துரு வாசனையோடு இரண்டு பேரும் வேலையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் கித்தாரை எடுத்த பழைய சாயங்காலங்கள் எனக்கு நினைவு வரும். பாட்டு முடிந்து "ம்?" வரும்போது அண்ணன், "இரு மாமு" என்பார்.

இதுவரை எல்லாம் டேப்பில் இருப்பது. டேப்பில் இருப்பதை நான் ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டேன். எப்படி வந்தது என்று தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரேமாதிரி இருக்கிறது, கூடுவதில்லை, குறைவதில்லை.

என்னை இன்றைக்கும் தொந்தரவு செய்வது அந்தப் பெட்டிதான். ரிக்கார்டர் கடைக்குப் போன பிறகும் பெட்டி வீட்டிலேயே, பெஞ்சின் மேல் இருக்கும். ஒயர் எதிலும் மாட்டியிருக்காது. வார நாட்களில் நான் வேலை முடிந்து வரும்போது சில சமயம் அண்ணன் அதில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருப்பார். பழக்கம் என்று விட்டுவிட்டேன். அவர் தாடை படும் முன்பக்க ஓரத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்துத் தெரிகிறது, அது நியாயம்தான். போன மாதம் பெருக்குவதற்காகப் பெட்டியைத் திருப்பினேன். சுவர்ப் பக்கம் இருந்த ஓரத்திலும் அதேபோல ஓர் இடம் வெளுத்திருந்தது. சுவரில் உரசியிருந்தால் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், கீறல் இருக்கும். விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த மரம்போல வழவழப்பாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை நுழையக்கூட இடமில்லை.

வார்னிஷ் டப்பா அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு பூச்சு பூசினால் மறைந்துவிடும். இன்னும் பூசவில்லை. பெஞ்சை மட்டும் சுவரிலிருந்து ஓர் ஆள் குந்தும் அளவுக்கு முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். பெருக்குவதற்கு வசதியாக இருக்கும் என்று அண்ணனுக்கு எழுதிக் காட்டினேன். அவர் சிலேட்டைப் படித்தார், பெஞ்சுக்குப் பின்னால் பார்த்தார், தலையாட்டினார்.